ரொக்கம் அக்காவுக்கு ஒரு கடன் கணக்கு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நான் எழுத வேண்டும் என்று எழுதிய கதை இல்லை. வீட்டில் ஒரு நாற்காலியின் உறை கிழிந்துவிட்டது. அதற்குக் கொஞ்சம் ரெக்சின் வாங்கலாம் என்று கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் நின்ற பெண் கடைக்காரரை ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இத்தன வருசமா யாருக்கும் ஒரு காசு பாக்கி வெச்சதில்லண்ணே. அது ஒரு குத்தமா?"

"குத்தம்னு யாரு சொன்னா? அதுக்கு ஆதாரம் கேக்கறாங்க, அவ்வளவுதான்."

"பாக்கி வெக்காததுக்கு என்ன ஆதாரம்? பாக்கி இல்லங்கறதுதான் ஆதாரம்!"

"அப்படிச் சொன்னா ஒத்துக்க மாட்டாங்கக்கா. பாக்கி வெச்சு, அப்புறம் கட்டியிருக்கணும்."

அவள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "நீங்களே சொல்லுங்கம்மா, இது நியாயமா?" நான் வாயைத் திறப்பதற்குள் விறுவிறு என்று போய்விட்டாள். நானும் ரெக்சின் வாங்க மறந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

என் காதில் விழுந்தது அவ்வளவுதான். அதன்பின் அந்த இரண்டு குரல்களும் என்னை விடவில்லை. சமைக்கும்போது பேசின, கண்ணாடியைத் தேடும்போது பேசின. கடைசியில், "சரி, சொல்லித் தொலையுங்கள்" என்று காகிதத்தை எடுத்தேன். மீதியெல்லாம் நானாகக் கட்டியது. அந்தப் பெண் இதைப் படித்தால் தயவுசெய்து சண்டைக்கு வர வேண்டாம்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"அந்தத் தெருவின் கோடியில், காலை வெயில் சாய்ந்து விழும் ஒரு பட்டறையில் —"

நிறுத்திவிட்டேன். வெயில் எல்லாப் பட்டறை மேலும்தான் விழுகிறது. இவளுக்கென்று தனியாகவா விழுந்தது?

இரண்டாவது:

"ஒரு தொழில் தன் சரக்கு வியாபாரிகளிடம் தவணைக் கணக்கு வைத்து, அதை ஒழுங்காக அடைப்பதன் வழியே சந்தையில் நம்பகத்தன்மையைப் பெறுவது என்பது —"

இதைப் படித்துப் பார்த்தபோது எனக்கே கொட்டாவி வந்தது. உங்கள் மேல் அதை ஏவிவிட மனமில்லை.

மூன்றாவதை எழுதுவதற்குள் அவளே குறுக்கே வந்தாள்.

"எதுக்கும்மா என்ன வெயில்லயே நிக்க வெக்கறீங்க? உள்ள வேல கிடக்கு. நேரா விசயத்துக்கு வாங்க."

வந்துவிட்டேன்.

அவள் சோபாவுக்கும் நாற்காலிக்கும் மெத்தை தைத்து உறை போடும் பட்டறை நடத்துகிறாள். நீளமான ஒரு வெட்டு மேசை, கனத்த தோலும் தைக்கிற இரண்டு மிஷின்கள், அவற்றில் தைக்க இரண்டு ஆட்கள். எங்கே திரும்பினாலும் ஃபோம் துணுக்கு. தலைமுடியில், டீ கிளாசில், கணவரின் சட்டைக் காலரில். கடைத்தெருவில் அவளுக்கு ரொக்கம் அக்கா என்று பேர். சரக்கைக் கையில் வாங்குவதற்கு முன்பே பணத்தை மேசையில் வைத்துவிடுவாள். மீதிச் சில்லறையைக்கூட எண்ணாமல் வாங்குகிறவர்கள் உண்டு. இவள் கடைக்காரர் எண்ணி முடிக்கும்வரை நகர மாட்டாள். "சரியா இருக்கா? இருக்குன்னு வாயத் தொறந்து சொல்லுங்க."

இந்த ரொக்கம் அக்காவுக்குத்தான் ஒரு சினிமாக் கொட்டகை வேலை வந்தது. கொட்டகையின் எல்லா இருக்கைகளுக்கும் புது மெத்தை, புது உறை. வேலை முடிந்த பிறகுதான் பணம். அதுவரை மலைபோல ஃபோம் வேண்டும். அவ்வளவையும் ரொக்கத்துக்கு வாங்க அவள் பட்டறையையே விற்றாலும் போதாது. வேலையை விட்டால், தைக்கிற இரண்டு பேரில் ஒருவர் வேறு இடம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். வாரத்தில் பாதி நாள் சும்மா உட்கார்ந்திருப்பவரைக் குற்றம் சொல்ல முடியுமா? அவர் போனால் ஒற்றை மிஷினோடு பட்டறை படுத்துக்கொள்ளும்.

ஆகவே அவள் ஃபோம் மில்லுக்குப் போனாள்.

3

மில் மேலாளர் மரியாதையான மனிதர். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் மெத்தை அப்பளமாகத் தட்டையாகிக் கிடந்ததை அவள் முதலில் கவனித்தாள்.* அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"யார்கிட்டயாவது மாசக் கணக்குல சரக்கு எடுத்திருக்கீங்களா, மேடம்?"

"இல்ல சார். எல்லாம் ரொக்கம்."

"ஒரு கடைல கூடவா இல்ல?"

"ஒரு கடைல கூட இல்ல." பெருமையாகத்தான் சொன்னாள்.

"அப்ப உங்களப் பத்தி எங்களுக்கு ஒண்ணும் தெரியாதே."

"அதான் சொல்றேனே சார், கடனே கிடையாது."

"நானும் அதேதான் சொல்றேன், மேடம்."

பிறகு விளக்கினார். இரண்டு கடைகளில் கணக்குத் தொடங்க வேண்டும். சரக்கைக் கடனுக்கு எடுக்க வேண்டும். மாதக் கடைசியில் கடை பில் போடும். பில் வந்தபின், கெடு தேதி தாண்டாமல் கட்ட வேண்டும். இப்படித் தொடர்ந்து மூன்று மாதம். அப்புறம் இவரே அந்தக் கடைகளுக்கு ஃபோன் போட்டு விசாரிப்பார். திருப்தியானால் மில்லில் கணக்கு.

"கொட்டகைக்காரங்க அது வரைக்கும் காத்திருப்பாங்களா?" என்று கேட்டார்.

"வேலைய ஆரம்பிக்க அஞ்சு மாசம் டைம் குடுத்திருக்காங்க."

"தாராளம்" என்றார் மேலாளர்.

(எனக்கு அந்த 'தாராளம்' பிடிக்கவில்லை. கதையில் ஒருவர் தாராளம் என்று சொன்னால் அது போதாமல் போகும் என்பது வாசகருக்குத் தெரிந்துவிடும். அடித்துப் பார்த்தேன். அவர் மறுபடியும் அதையே சொன்னார். விட்டுவிட்டேன்.)

* ஃபோம் மில் மேலாளருக்கு நல்ல மெத்தை இல்லாதது ஏதாவது பெரிய பொருள் தரும் என்று தேட வேண்டாம். மெத்தை தட்டையாக இருந்தது, அவ்வளவுதான்.

4

ஆணியும் நூலும் விற்கும் அம்மாளிடம் ஒரு கணக்கு. அந்த அம்மாளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பில் போடுவார், வாங்குவார், தலையை ஆட்டுவார். அப்படிப்பட்ட மனிதர்களை வைத்துக் கதை எழுத முடியாது. கடைதான் நடத்த முடியும்.

இரண்டாவது கணக்கு ரெக்சின் கடையில்.

"என்னக்கா, நீங்களா கடன் கேக்கறீங்க? உடம்புக்கு ஒண்ணும் இல்லயே?"

"விளையாடாதீங்கண்ணே. எழுதுங்க."

"உங்களுக்குக் கடன் குடுக்கறது எனக்கே ஒரு கௌரவம்தான்."* 

ஒரு சுருள் ரெக்சினைத் தோளில் தூக்கிக்கொண்டு, பணம் கொடுக்காமல், அவள் கடையை விட்டு இறங்கினாள். வாழ்நாளில் முதல் தடவை. தெரு முனை வரும்வரை யாரோ பின்னாலிருந்து கூப்பிடப் போகிறார்கள் என்றே இருந்தது. வீட்டுக்கு வந்தால் காபி கசந்தது. சுருளைப் பிரிக்கக் கை வரவில்லை. இன்னொருத்தர் பொருளை எப்படி வெட்டுவது?

மறுநாள் கடை திறந்ததும் போய்ப் பணத்தை வைத்தாள். கடைக்காரரும் பழக்க தோஷத்தில் எண்ணிப் போட்டுக்கொண்டார்.

மாதக் கடைசியில் பில் வாங்கப் போனால்:

"பில்லா? எதுக்குக்கா? நீங்கதான் அன்னிக்கே குடுத்துட்டீங்களே. கம்ப்யூட்டர் அத ரொக்க வியாபாரம்னு எடுத்துக்கிச்சு."

"அப்ப கடன்?"

"கடனே இல்லயே."

"நான் கடன் வாங்கினேன்ல, உங்க கண் முன்னாடி தூக்கிட்டுப் போனேன்ல?"

"தூக்கிட்டுப் போனீங்க. ஆனா பில் போடறதுக்குள்ள காச வெச்சா அது எப்படிக்கா கடனாகும்?"

ஒரு மாதம் போயிற்று. அன்றைக்கு நான் கடையில் கேட்ட சண்டை இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

 * இவர்கள் இருவரில் யார் மூத்தவர் என்று கேட்காதீர்கள். இவள் அவரை அண்ணே என்கிறாள், அவர் இவளை அக்கா என்கிறார். கடைத்தெருவில் வயது பார்த்தா மரியாதை கொடுக்கிறார்கள்?

5

அடுத்த மாதம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். பணத்தை எண்ணி ஒரு உறையில் போட்டு, அதை அலமாரியில் வைத்து, சாவியைக் கணவரிடம் கொடுத்துவிட்டாள். தன் கையே தன் பேச்சைக் கேட்காது என்று பயம்.

தவறு அதுதான்.

கணவர் பஸ் டிப்போவில் டயர் பார்க்கிறவர். வீடு திரும்பும் வழியில்தான் ரெக்சின் கடை.

"என்னங்க, அலமாரில உறையக் காணோம்?"

"கட்டிட்டேன்."

"என்னது?"

"ரெக்சின் கடைல. கட்டியாச்சு. இனிமே நிம்மதி."

"யாரு உங்கள கட்டச் சொன்னா?"

"கடன் வாங்கினா கட்டச் சொல்லி வேற ஒருத்தர் வரணுமா?"

"மாசக் கடைசி வரைக்கும் சும்மா இருங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல!"

"இருந்து பாத்தேன். முடியல. தினமும் அந்தக் கடையத் தாண்டி வர்றேன். அவரு என்னப் பாத்து சிரிக்கறாரு."

"சிரிச்சா என்ன? எப்பவும் சிரிக்கிறவருதான?"

"முன்னாடி சிரிச்சது வேற. இது கடன் வாங்கினவளோட வீட்டுக்காரனப் பாத்து சிரிக்கற சிரிப்பு."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். நானும்தான்.

இந்தக் கணவரை நம்பலாமா என்று எனக்கே சந்தேகம் வந்தது. ஒரு மனிதர் இவ்வளவு மண்டூகமாக இருப்பாரா? வாசகர் நம்ப ஒரு காரணம் கொடுப்போம் என்று, "சிறு வயதில் ஒருநாள் அவர் வீட்டு வாசலில் கடன் கொடுத்தவர்கள் வந்து நின்று —" என்று தொடங்கினேன். அவர் விடவில்லை.

"எங்க வீட்டு வாசல்ல யாரும் வந்து நிக்கலம்மா. எங்கப்பா ராஜா மாதிரி இருந்தாரு. பாக்கி இருந்தா எனக்குச் சோறு எறங்காது. அதுக்கு ஒரு கதை வேணுமா?"

வேண்டாம் ஐயா. அடித்துவிட்டேன்.

இரண்டு மாதம் வீண். கொட்டகைக்காரர் கொடுத்த ஐந்தில் மிச்சம் மூன்று. மேலாளர் கேட்டதும் மூன்று. இனி ஒரு மாதம் சறுக்கினாலும் வேலை போய்விடும்.

"இனிமே நீங்க சுத்திக்கிட்டு வீட்டுக்கு வாங்க. அந்தக் கடைப் பக்கமே வரக் கூடாது."

"மார்க்கெட் வழியா வந்தா ரொம்ப தூரம்."

"நடங்க."

6

முதல் மாதம்: பில் வந்தது, கெடுவுக்குள் கட்டினாள். இரண்டாம் மாதம்: பில் வந்தது, கெடுவுக்குள் கட்டினாள்.

இந்தப் பகுதியை மூன்று பக்கத்துக்கு இழுக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஒழுங்காகக் கடன் கட்டுகிறவர்களைப் பற்றி எழுத ஒரு வரிக்கு மேல் என்ன இருக்கிறது? கணவர் சுற்றிக்கொண்டு நடந்து இளைத்தார் என்பதைத் தவிர.

மூன்றாம் மாதம் பாதியில், பட்டறை வாசலில் ரெக்சின் கடைக்காரர் வந்து நின்றார். கடைக்காரர் வாடிக்கையாளரைத் தேடி வருவதில் ஏதோ இருக்கிறது என்று அவளுக்கு உடனே பட்டது.

"வாங்கண்ணே. உக்காருங்க. அதுல வேண்டாம், அதுல ஸ்ப்ரிங் குத்தும்."

"இருக்கட்டும்க்கா." நின்றுகொண்டே இருந்தார். "ஒரு சின்ன விசயம். இந்த மாச பாக்கி இருக்குல்ல… அத கொஞ்சம் முன்னாடியே குடுக்க முடியுமா?"

"என்னண்ணே சொல்றீங்க? முன்னாடி குடுத்தா பில்லே வராதுன்னு எனக்குப் பாடம் எடுத்ததே நீங்கதான?"

"தெரியும்க்கா. எனக்கு வேற வழி இல்ல. எனக்கு ரெக்சின் அனுப்பற கம்பெனில பாக்கி நிக்குது. இந்த வாரம் கட்டலன்னா சரக்க நிறுத்திடுவோம்னு சொல்லிட்டாங்க. எனக்கும் மேல ஒருத்தன் இருக்கான்ல."

"கடைத்தெருல உங்களுக்குத் தர வேண்டியவங்க எத்தன பேரு! அவங்களக் கேக்க வேண்டியதுதான?"

"கேட்டேன். ஃபோன எடுக்க மாட்டேங்கறாங்க. கேட்டா காசு இருக்கற ஒரே ஆள் நீங்கதான்."

அவள் கையில் பிடித்திருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

இங்கே நான் இரண்டு நாள் எழுதவில்லை. கோபம்தான். ஒழுங்காகக் கட்டுகிறவள் என்று பேர் எடுக்கப் போனவள் அகப்பட்டுக்கொள்வது, ஒழுங்காகக் கட்டுகிறவள் என்பதாலேயே என்றால், இது என்ன ஏற்பாடு? யார் போட்ட விதி இது? நான் போட்டதாகத்தான் இருக்கும். கதை என்னுடையதல்லவா.

சில வழிகளை எழுதிப் பார்த்தேன்.

[முடியாது என்று சொல்லிவிடுகிறாள். அவர் கடைக்குச் சரக்கு நின்றுபோகிறது. அவளை நம்பி முதல் கடனைக் கொடுத்த மனிதர் —] இதை எழுதும்போது அவளே பேனாவைப் பிடுங்கினாள். "அவரு கடைய மூடிட்டு நான் கொட்டகைக்கு சீட் தெக்கணுமா?"

[கொடுத்துவிடுகிறாள். மூன்றாம் மாதமும் ரொக்க வியாபாரமாகிறது. கொட்டகை வேலை —] இதற்கு, தைக்கிறவர் மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

[கடைக்காரர் சொல்கிறார்: "காச இப்ப குடுங்க, நான் மாசம் முடிஞ்சு வந்த மாதிரி பொய்யா பதிஞ்சுக்கறேன்." அவள் —] இல்லை. அவரே அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. நான்தான் சொல்ல வைக்கப் பார்த்தேன். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

வழி சொன்னது யார் தெரியுமா? சுற்றிக்கொண்டு நடந்து, வியர்த்து விறுவிறுத்து உள்ளே நுழைந்த கணவர்.

"அவருக்குக் கைமாத்தா குடு."

"எது?"

"பாக்கியக் கட்டாத. அது அது பாட்டுக்கு நிக்கட்டும். அதே காச அவருக்குக் கைமாத்தா குடு. பில் வரும். கெடுவுக்குள்ள அவரு உனக்குத் திருப்பித் தரட்டும். அத எடுத்து நீ அவருக்குக் கட்டு."

அவள் கணவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கடன்னாலே உங்களுக்கு ஆகாதே?" என்றாள் அவள்.

"வாங்கறதுதான் ஆகாது. குடுக்கறதுக்கு என்ன?"

கடைக்காரர் கண் கலங்கிவிட்டார். (கலங்கினார் என்பதை வைத்திருக்கிறேன். நானாகச் சேர்க்கவில்லை. அவர் மூக்கை உறிஞ்சிய சத்தம் எனக்குக் கேட்டது.)

7

பில் வந்தது. கெடு நெருங்கியது. கைமாற்று வரவில்லை.

அவளிடம் வேறு பணம் இல்லை. உறையில் இருந்ததைத்தான் அவரிடம் கொடுத்திருந்தாள். அவர் தந்தால் இவள் கட்டலாம். அவர் தராவிட்டால், அவருக்கே அவள் பாக்கிக்காரி. யோசிக்க யோசிக்க அவளுக்குத் தலை சுற்றியது. எழுதுகிற எனக்கும்தான்; இரண்டு தடவை யார் யாருக்குத் தர வேண்டும் என்று காகிதத்தில் அம்புக்குறி போட்டுப் பார்த்தேன்.

கடைக்குப் போனாள்.

"என்னண்ணே?"

"வருதுக்கா. ரெண்டு பேர் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. கெடுவுக்குள்ள உங்க கைல வெச்சிடறேன்."

"எனக்குக் கேக்கவே கூச்சமா இருக்கு. யாருகிட்டயும் போய் நின்னு கேட்டதில்ல."

"எனக்குச் சொல்றதுக்குக் கூச்சமா இருக்குக்கா. உங்ககிட்ட போய் நிக்க வெச்சுட்டேனேன்னு."

அப்போது கடைக்காரரின் ஃபோன் அடித்தது. எடுத்தவர் முகம் மாறியது. வாயை மட்டும் அசைத்து 'மில்' என்றார்.

மேலாளர் குரல் வெளியே கேட்கிற அளவுக்கு இருந்தது.

"எத்தன மாசமா கணக்கு வெச்சிருக்காங்க?"

"அஞ்சு மாசமா வர்றாங்க சார். பில் போட்டது மூணு மாசம்."

"எப்பவாவது கெடு தாண்டியிருக்காங்களா?"

"இல்ல சார். அவங்களத் தடுத்து நிறுத்தறதுதான் கஷ்டம்."

மேலாளர் சிரித்தார். அதைக் கேட்டு அவளுக்கு மூச்சு வந்தது. பிறகு அவர் கேட்டார்:

"கடைசியா ஒண்ணு. எல்லாரையும் கேக்கறதுதான். உங்களுக்கும் அவங்களுக்கும் நடுவுல வேற ஏதாவது கொடுக்கல் வாங்கல் உண்டா? சொந்தம், கூட்டு, கைமாத்து, அந்த மாதிரி?"

கடைக்காரர் ஃபோனை மார்பில் அழுத்தி மூடிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

உண்டு என்றால் அவர் சாட்சி செல்லாது. தனக்குப் பணம் கொடுத்தவளைப் பற்றி நல்லபடி சொல்கிறார் என்று ஆகிவிடும். இல்லை என்றால் பொய்.

"என்னக்கா சொல்ல?" என்றார் மெதுவாக. "இல்லன்னு சொல்லிடவா? ஒரு வார்த்தைதான்."

அவளுக்காக நான் நாலு பதில் எழுதி வைத்திருந்தேன். ஒன்றையும் அவள் எடுத்துக்கொள்ளவில்லை. கையை நீட்டி ஃபோனை வாங்கினாள்.

"சார், நான்தான் பேசறேன். இங்க கடைலதான் நிக்கறேன். உண்டு சார். இந்த மாசம் அவருக்கு நான் கைமாத்து குடுத்திருக்கேன். இன்னும் வரல. அவரு எனக்குத் தந்தாதான் நான் அவருக்குக் கட்ட முடியும்."

"என்ன மேடம், நீங்க அவருக்குக் கடனா, அவரு உங்களுக்குக் கடனா?"

"ரெண்டும்தான் சார். அவரு கேட்டப்ப எங்கிட்ட இருந்துச்சு, குடுத்தேன். நீங்க கேட்டீங்க, உள்ளதச் சொல்லிட்டேன். இதுக்கு மேல எனக்குக் கணக்கு தெரியாது. ஆனா ரெண்டு பேரும் கட்டிடுவோம்."

மறுமுனையில் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "லைன்ல இருங்க மேடம்" என்றார் மேலாளர்.

8

இவ்வளவுதான் என்னால் முடிந்தது.

மேலாளர் ஒப்புக்கொண்டதாக ஒரு முடிவு எழுதினேன். "கேட்டதுக்கு உண்மை சொன்ன முதல் ஆள் நீங்கதான் மேடம்" என்று அவர் உருகுகிறார். படித்துப் பார்த்தால் சர்க்கரை கூடிப்போன காபி மாதிரி இருந்தது. மறுத்ததாகவும் எழுதினேன். அது உண்மை மாதிரிதான் இருந்தது. ஆனால் அதை எழுதி முடித்தபோது எனக்கே பொறுக்கவில்லை. வேண்டாம் என்று வைத்துவிட்டேன். மேலாளரையே பேச வைத்துப் பார்க்கலாம் என்றால், அவர் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். இத்தனைக்கும் இதற்குமுன் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த மனிதர்தான்.

எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. நான் ஃபோம் விற்றதில்லை. யாருக்கும் சரக்கைக் கொடுத்துவிட்டுக் கெடு தேதிக்குக் காத்திருந்ததும் இல்லை. ஆகவே அந்த ஃபோனை உங்களிடம் தருகிறேன்.

நடந்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும். மேலாளருக்குத் தெரிந்ததைவிடக் கூடவே தெரியும். சரக்கு உங்களுடையது, பணம் வராமல் போனால் நஷ்டமும் உங்களுடையது. ரெக்சின் கடையில் இரண்டு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஃபோமை அனுப்புகிறீர்களா, இல்லையா?

எதுவானாலும் சொல்லிவிடுங்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். அதற்கு அவளிடம் நாள் இல்லை.